நெல்சன் (நியூசிலாந்து): உடுத்தும் கலையும் பழைய கார்களும் ஒரே கூரையில் – மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா?

வெலிங்டன்_வேலு எழுதியது:

நம் மன்றத்தில் கார் பகுதியில் போட்டால் துணிக்காரர்கள் வரமாட்டார்கள், கைவினைப் பகுதியில் போட்டால் கார்க்காரர்கள் வரமாட்டார்கள் என்பதால் பொதுப் பகுதியில் தொடங்குகிறேன்.

நியூசிலாந்தின் தென் தீவில், வடக்கு ஓரத்தில், கடலை ஒட்டி நெல்சன் என்ற ஊர். 2001ல் அங்கே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். தெருவுக்கே ஓர் அமெரிக்கக் காரின் பெயரில் கடிலாக் வே என்றுதான் பெயர். உள்ளே ஒரு பக்கம் 'வேர்ல்ட் ஆஃப் வியரபிள் ஆர்ட்' போட்டிக்கு வந்த உடைகள். உடை என்றால் கடையில் வாங்கி உடுத்துவது இல்லை. மரம், உலோகம், பிளாஸ்டிக், கம்பளி, கண்ணாடி இழை என்று எதை வைத்தும் செய்த, ஆனால் ஓர் ஆள் போட்டுக்கொண்டு மேடையில் நடக்கக்கூடிய சிற்பங்கள். இன்னொரு பக்கம் பளபளவென்று துடைத்து வைத்த பழைய கார்கள். 1959 மாடல் ரோஸ் நிற கடிலாக், மஞ்சள் நிறத்தில் 1950 ஸ்டூடிபேக்கர், பிஎம்டபிள்யூவின் முட்டை வடிவக் குட்டிக் கார் எல்லாம் அங்கே நின்றன.

2020ல் இந்தக் கூட்டுக் குடித்தனம் முடிந்துவிட்டது. உடைகள் வெளியேறின. கார்கள் மட்டும் அங்கேயே நெல்சன் கிளாசிக் கார் மியூசியம் என்று தொடர்கின்றன. இப்போது போகிறவர்கள், "நல்லதுதான், கார் கூடமாவது உருப்படியா இருக்கு" என்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. இரண்டும் சேர்ந்திருந்தபோதுதான் அந்த இடத்துக்கு ஒரு அர்த்தம் இருந்தது என்பது என் கட்சி. அடிக்க வருபவர்கள் வரலாம்.

---

கொங்கு_டீசல் எழுதியது:

வேலு அண்ணா, அடிக்கத்தான் வந்தேனுங்க. தலைப்புல நீங்களே பதிலைச் சொல்லிட்டீங்க. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சுதான் அது.

இதுல கலை, தத்துவம் எல்லாம் ஒண்ணுமில்லீங்க. வெளியூர்ல இருந்து புருசன் பொஞ்சாதி ரெண்டு பேர் வர்றாங்க. அம்மணிக்குத் துணி, ஐயாவுக்குக் கார், ஒரே டிக்கெட். யாரும் வாசல் பெஞ்சுல உக்காந்து கொட்டாவி விட வேண்டியதில்லை. நல்ல வியாபார மூளை, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு மேல அர்த்தம் தேடுனா நீங்களா ஏத்திச் சொல்ற மாதிரிதான் இருக்கும்.

---

தையல்_நாயகி எழுதியது:

டீசல் தம்பி, "அம்மணிக்குத் துணி, ஐயாவுக்குக் கார்" என்று எவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட்டீர்கள்! நான் நாடகக் குழுக்களுக்கு உடை தைப்பவள். என்னை அங்கே கூட்டிப் போயிருந்தால் முதலில் கடிலாக்கின் சீட் தையலைத்தான் பார்த்திருப்பேன்.

காரின் இருக்கை உறை தைப்பது தனித் தொழில். வளைந்த ஸ்பிரிங் மேல், சுருக்கம் விழாமல், உட்காரும்போது இழுபடாமல், வருடக்கணக்கில் நிற்க வேண்டும். ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கும் வேலையைப் பாருங்கள், நாங்கள் ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கும் பைப்பிங் வேலையேதான், கொஞ்சம் பெரிது. பழைய இருக்கைகளில் உள்ளே குதிரை மயிர் அடைத்திருப்பார்கள். மேடை உடைக்குள்ளும் அது போகிறது, தோளைத் தூக்கிக் காட்ட.

உடுத்தும் கலையில் பெரிய சிக்கல் அழகு இல்லை, பாரம். தலைக்கு மேல் மூன்றடி உயரத்தில் ஒரு கொம்பு வைத்தால் அது எங்கே தாங்கும்? கழுத்தில் விட்டால் போட்டவருக்கு வலி எடுத்துவிடும். அதனால் முதுகில் சட்டகம் கட்டி, இடுப்பு எலும்பின் மேல் பாரத்தை இறக்குவோம். போட்டவர் படியில் ஏறி இறங்க வேண்டும், மூச்சு விட வேண்டும், எதிரே வருவது தெரிய வேண்டும். ஒரு காரின் சேஸிஸ் (அடிச்சட்டம்) செய்பவரிடம் இதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

---

யாழ்_பனை (ஒக்லாந்து) எழுதியது:

நாங்கள் குடும்பமா அங்கை போனனாங்கள், பிள்ளையள் சின்னனா இருக்கேக்கை. வேலு அண்ணை சொல்லாமல் விட்ட ஒண்டைச் சொல்லட்டே? அந்த உடுப்புப் போட்டியிலை 'பிசார் பிரா', விசித்திர பிரா எண்டு ஒரு பிரிவு இருந்தது. பேரே விளங்கும்தானே. வீட்டுப் பாவனைச் சாமான், விளையாட்டுச் சாமான் எண்டு கண்டதையும் வைச்சு உள்ளாடை செய்து வைச்சிருப்பினம். எங்கடை அம்மாவும் கூட வந்தவ. மனிசி ஒரு வார்த்தை பேசாமல், சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டு நேரே கார்ப் பக்கம் போய் நிண்டிட்டா. பிள்ளையள் இஞ்சாலை விழுந்து விழுந்து சிரிக்குதுகள். ஆக, ஆம்பிளை பொம்பிளை எண்டு பிரிஞ்சது இல்லை டீசல் தம்பி, எங்கடை வீட்டிலை வெக்கப்பட்ட ஆக்களும் வெக்கப்படாத ஆக்களுமாத்தான் பிரிஞ்சது.

கார் பற்றி ஒண்டு. இந்த நாட்டிலை இவ்வளவு பழைய கார் நல்ல நிலையிலை இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. 1980கள் வரைக்கும் இஞ்சை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. புதுக் கார் வேணுமெண்டால் வெளிநாட்டுக் காசு கையிலை இருக்க வேணும், இல்லாட்டில் பேரைப் பதிஞ்சு போட்டுக் காத்திருக்க வேணும். அதாலை இருக்கிற காரை ஒருத்தரும் விடேல்லை. தாத்தா ஓடினதைப் பேரன் ஓடினான். குளிர் நாடுகளிலை பனி உருக ரோட்டுக்கு உப்புப் போட்டே காரைத் துருப்பிடிக்க வைக்கிறது மாதிரியும் இஞ்சை பெரிசா இல்லை.

---

வெலிங்டன்_வேலு எழுதியது:

யாழ்_பனை, அம்மாவை நினைத்தால் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் பிரிவுக்கு அங்கே தனி ரசிகர் கூட்டமே உண்டு.

டீசல் தம்பிக்கு: வியாபாரக் கணக்கு இருந்தது, மறுக்கவில்லை. இந்தப் போட்டியே ஒரு விளம்பர உத்தியாகத்தான் பிறந்தது. 1987ல் சூஸி மான்கிரீஃப் என்ற சிற்பி, நெல்சனுக்கு வெளியே கிராமப்புறத்தில் மண்சுவர் வைத்த பழைய வீடு ஒன்றில் கலைக்கூடம் நடத்திவந்தார். அங்கே ஆள் வரவழைக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் கலையை இறக்கி மனித உடம்பில் ஏற்றினால் என்ன என்று யோசித்து ஒரு கூடாரத்தில் நிகழ்ச்சி நடத்தினார். அது வளர்ந்து ஊருக்குள் டிராஃபால்கர் சென்டர் அரங்கத்துக்கு வந்தது. 2005ல் அந்த ஊரும் போதாமல் போய், இங்கே வெலிங்டனுக்கு இடம் மாறியது. கொரோனாவுக்கு முன் ஒரு பருவத்தில் 60,000 பேர் அளவுக்குப் பார்க்க வந்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து போட்டியாளர்கள் வருகிறார்கள். இந்தோனேசியாவின் ரினால்டி யுனார்டி 2017லும் 2019லும் முதல் பரிசை அடித்துக்கொண்டு போனார். மான்கிரீஃபுக்கு நாட்டின் 'டேம்' பட்டமும் கிடைத்தது.

நிகழ்ச்சி போனபோது நெல்சன்காரர்களுக்கு மனத்தாங்கல் இருந்தது. அருங்காட்சியகம் மட்டும் ஊரில் தங்கியிருந்தது. 2020ல் அதுவும் போயிற்று. என் உறுத்தலில் பாதி அதுதான்.

---

கொங்கு_டீசல் எழுதியது:

அப்ப பிரச்சினை ஊர்க்காரங்க மனத்தாங்கல்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். கார் எங்கீங்க வருது இதுல? அந்தம்மா சிற்பி. காருக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்?

---

வெலிங்டன்_வேலு எழுதியது:

அவருக்கு இல்லாமல் இருக்கலாம் தம்பி. ஊருக்கு இருக்கிறது. கேளுங்கள்.

1950களின் நடுவில் நெல்சனின் ரயில் பாதையைப் பிடுங்கிப் போட்டார்கள். தண்டவாளத்தில் பெண்கள் உட்கார்ந்து மறியல் செய்தும் நிற்கவில்லை. ஊருக்கு ஏதாவது பிழைப்பு வேண்டுமே என்று பின்னால் வந்த அரசு அங்கே ஒரு பருத்தி ஆலை கொண்டுவர ஒப்பந்தம் போட்டது. ஸ்மித் அண்ட் நெஃப்யூ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் நடத்துவதாக ஏற்பாடு. நாட்டின் மற்ற உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். ஆட்சியும் மாறியது. 1962ல் ஆலைத் திட்டம் கைவிடப்பட்டது. ஆலைக்காக எழுப்பிய கட்டடம் மட்டும் ஊருக்குப் பக்கத்தில் ஸ்டோக் பகுதியில் நின்றது.

அந்தக் கட்டடத்தில் என்ன வந்தது தெரியுமா? கார் தொழிற்சாலை. 1960களின் நடுவில் ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப், அப்புறம் பிரிட்டிஷ் லேலண்ட். ட்ரையம்ஃப், ரோவர், லேண்ட் ரோவர் மட்டுமில்லை, ஜாகுவார் கூட அங்கே பூட்டி வெளியே வந்தது. பிறகு ஹோண்டா. 1998ல் கார் இறக்குமதி வரியை நியூசிலாந்து அடியோடு நீக்கியதும் எல்லாத் தொழிற்சாலைகளும் போல அதுவும் மூடிவிட்டது. மூன்று வருடத்தில் இந்த அருங்காட்சியகம் திறக்கிறது.

துணிக்காகக் கட்டிய கொட்டகையில் கார் செய்த ஊர் தம்பி அது. அருங்காட்சியகத்தைத் திட்டமிட்டவர்கள் மனதில் இது இருந்ததா என்றால், நான் அப்படி வாதாடவில்லை. ஆனால் உள்ளூர் முதியவர் ஒருவர் அந்தக் கூடத்தில் நுழைந்தால் இரண்டு பக்கமும் அவருக்குப் பேசியிருக்கும்.

---

கொங்கு_டீசல் எழுதியது:

இந்த மில்லுக் கதை ஜோருங்க. எங்கூர்ல மில்லை மூடுனா கல்யாண மண்டபம் வரும், அபார்ட்மெண்ட் வரும். ஜாகுவார் வந்ததா கேள்விப்பட்டதில்லை.

ஆனாலும் அண்ணா, இது ஊரோட கதைங்க. உள்ள வெச்சிருந்த பொருளோட கதை இல்லை. நான் விட மாட்டேன்.

---

அலாஸ்கா_போன_ஆள் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். டீசல் கேட்கும் "பொருளோட கதை" வேண்டும் என்றால் அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் போக வேண்டும். அங்கே ஃபவுன்டன்ஹெட் ஆன்டிக் ஆட்டோ மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்க கார்கள்தான் முழுக்க. கார்களுக்குப் பக்கத்தில் அதே காலத்து உடையைப் பொம்மைக்கு அணிவித்து நிறுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலான கார்கள் இன்றும் ஓடும் நிலையில் இருக்கின்றன, கோடையில் வெளியே எடுத்து ஓட்டுகிறார்கள்.

அங்கே பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் கார்களுக்குக் கூரை கிடையாது, முன் கண்ணாடி கிடையாது, ரோடு முழுக்கப் புழுதி. அதனால் கணுக்கால் வரை ஒரு தூசிக் கோட்டு, கண்ணுக்குக் கவசக் கண்ணாடி, பெண்களுக்கு அகலத் தொப்பியின் மேல் முகத்தை மூடி முகவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்ட மெல்லிய துணி. காருக்குக் கதவும் கண்ணாடியும் கூரையும் வர வர அந்தக் கோட்டு காணாமல் போகிறது. கூரை தாழ்ந்தபோது தொப்பியும் சிறுத்துவிட்டது. உடையைத் தனியாகவோ காரைத் தனியாகவோ பார்த்தால் இது தெரியாது.

அங்கேயே இன்னொரு வண்டி: 1905ல் ஸ்காக்வே ஊரில் பாபி ஷெல்டன் என்ற இளைஞன் தானே கட்டியது. அலாஸ்காவின் முதல் கார் என்று சொல்கிறார்கள். அதற்கு முன் அவன் ஒரு காரை நேரில் பார்த்ததே இல்லை, படத்தில் பார்த்ததுதான். ஒரு பெண்ணைக் கவர்வதற்காகக் கட்டினான். போட்டிக்கு இருந்தவனிடம் குதிரை வண்டி இருந்ததாம். பெண் இவனைக் கட்டிக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

---

கொங்கு_டீசல் எழுதியது:

பாத்தீங்களா வேலு அண்ணா? இதுதானுங்க நான் சொன்னது. ஃபேர்பேங்க்ஸ்ல உடுப்பும் காரும் ஒரே காலம், ஒரே ஆள் போட்டு ஓட்டுனது. அதைச் சேத்து வெச்சா நியாயம். நெல்சன்ல ஒரு பக்கம் 1959 கடிலாக், மறு பக்கம் போன வருசம் யாரோ பிளாஸ்டிக்ல செஞ்ச ராட்சசப் பூச்சி உடுப்பு. அதைப் போட்டுக்கிட்டு அந்தக் கடிலாக்ல ஏற முடியுமாங்க? கதவு பத்தாது.

---

நூலிழை எழுதியது:

நான் துணி பாதுகாப்புப் படிப்பு முடித்து அருங்காட்சியகக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். டீசலும் வேலுவும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே கூரை என்பது வேலை செய்பவர்களுக்குப் பெரிய தலைவலி.

துணிக்கு வெளிச்சம் எதிரி. 50 லக்ஸ் அளவுக்குள் வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பொதுவான வழக்கம். சாதாரண அலுவலக அறையில் அதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். காட்சிக்கு வைத்ததைச் சில மாதங்களில் எடுத்து இருட்டில் ஓய்வுக்கு வைப்போம். கார் அப்படி இல்லை. பெயிண்டின் மினுமினுப்பைக் காட்ட விளக்கைக் கொட்ட வேண்டும். நெல்சன் வேறு நியூசிலாந்திலேயே வெயில் அதிகம் அடிக்கும் ஊர்களில் ஒன்று. ஜன்னல் பக்கம் எதை நிறுத்தினாலும் பயம்தான்.

உடுத்தும் கலை இதிலும் மோசம். பட்டும் பருத்தியும் நூறு வருடம் தாங்கும். ஆனால் போட்டிக்குச் செய்பவர்கள் ஃபோம், லேட்டக்ஸ், பிவிசி, பசை என்று போடுகிறார்கள். பாலியூரிதேன் ஃபோம் இருபது முப்பது வருடத்தில் தொட்டால் உதிரும் தூளாகிவிடும். ரப்பர் பால் இறுகி வெடிக்கும். பிவிசி உள்ளிருக்கும் எண்ணெய்ப்பசையைக் கக்கிப் பிசுபிசுக்கும். 1990களில் பரிசு வாங்கிய ஓர் உடை இன்று 1920களின் பட்டுச் சேலையை விடக் கிழடாக இருக்கலாம்.

காருக்கு உதிரி பாகம் உண்டு. டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையானால் மாற்றலாம், காய்ந்த கேஸ்கெட்டை மாற்றலாம், கெட்டுப்போன பெட்ரோலை வடித்துவிடலாம். மாற்றினாலும் அது அதே கார் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். உடையில் பாதி ஃபோமை மாற்றினால், "செய்தவர் கை எங்கே போயிற்று?" என்ற கேள்வி வந்துவிடும். 2020ல் பிரிவுக்கு உள்ளே என்ன காரணமோ, அதைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. பிரிந்தால் கார் நிலைக்கும், உடை ஊர் சுற்றும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

---

தையல்_நாயகி எழுதியது:

நூலிழை சொன்னதைப் படித்துவிட்டு என் அலமாரியைத் திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறது. பழைய ராவணன் கிரீடம் முழுக்க ஃபோம்.

டீசல் தம்பி, "கதவு பத்தாது" என்பதற்கு ஒரு பதில். 1920களிலும் 30களிலும் பாரிஸில் 'கான்கூர் டெலிகான்ஸ்' என்று காருக்கு அழகுப் போட்டி நடத்தினார்கள். காரோடு ஒரு பெண்ணும் வருவார், பெரிய தையலகத்தின் உடையில். இரண்டும் சேர்ந்து எடுபடுகிறதா என்பதுதான் பார்வை. 1925ல் ஓவியர் சோனியா டெலோனே, தான் வடிவமைத்த உடையின் கட்டங்களை அப்படியே ஒரு சிட்ரோயன் காரின் உடம்பிலும் ஏற்றினார். அந்தப் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. ஆக இந்த உறவு புதிதில்லை.

கெட்ட உறவும் உண்டு. 1955ல் டாட்ஜ் 'லா ஃபெம்' என்று பெண்களுக்காக ஒரு கார் விட்டது. இளஞ்சிவப்பும் வெள்ளையும். கூடவே பொருத்தமான கைப்பை, மழைக் கோட்டு, குடை. இன்ஜினில் எந்த வித்தியாசமும் கிடையாது. இரண்டே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். பெண்களுக்கு என்ன வேண்டும் என்று ஆண்கள் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்தால் குடைதான் கிடைக்கும்.

---

வெலிங்டன்_வேலு எழுதியது:

நாயகி அக்கா, அந்தக் குடை இன்று ஏலத்தில் தனியாகவே நல்ல விலைக்குப் போகும்!

டீசல் தம்பியின் கேள்வி சரியான கேள்வி. ஃபேர்பேங்க்ஸில் உடை காருக்கு விளக்கம் சொல்கிறது. ஸ்பெயினில் மலாகா நகரில் பழைய புகையிலைத் தொழிற்சாலைக்குள் கார்-ஆடை அருங்காட்சியகம் ஒன்று 2010ல் வந்தது, அங்கேயும் காருக்கு அதன் காலத்து உயர் ரக ஆடைகள்தான் துணை. நெல்சனில் அப்படி இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு நெல்சன்தான் பிடிக்கும். ஏன் என்று சொல்கிறேன். 59 கடிலாக்கின் வாலைப் பாருங்கள். 1948ல் ஒரு போர் விமானத்தைப் பார்த்து ஆசைப்பட்டுச் சின்னதாக வைத்த வால் துடுப்பு, பதினோரு வருடத்தில் ஆள் இடுப்புக்கு வளர்ந்துவிட்டது. அது காற்றைக் கிழிக்கவில்லை, காரை நேராகப் பிடிக்கவில்லை. பார்க்கட்டும் என்று வைத்தது. காலத்துக்குப் பொருந்திய கவுனைப் பக்கத்தில் நிறுத்தினால் "அந்தக் காலத்தில் இப்படித்தான்" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஓர் உடுத்தும் சிற்பத்தைப் பார்த்துவிட்டு வந்து அதே வாலைப் பார்த்தால், "அட, இதுவும் அதே பைத்தியம்தானே!" என்று பிடிபடும். அந்த முட்டைக் காரும் அப்படித்தான். குளிர்பெட்டி செய்துகொண்டிருந்த ஒரு இத்தாலிய நிறுவனத்தின் யோசனை, முன்பக்கமே கதவு, கதவோடு ஸ்டீயரிங்கும் திறந்துகொண்டு வெளியே வரும். அதில் ஏறுவதே ஓர் உடுப்பை மாட்டுவது போலத்தான்.

இன்னொன்று. இரண்டுமே ஓடப் பிறந்தவை. அங்கே உடைகளைச் சும்மா நிறுத்தாமல், விளக்கும் இசையும் வைத்து நகரும் மேடையில் சுற்றவிட்டார்கள். கார்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கார் கூடத்தில் குறை என்று எனக்குப் பட்டது அது ஒன்றுதான்.

---

கொங்கு_டீசல் எழுதியது:

வால் துடுப்புப் பாயிண்ட்டைக் குடுத்துட்டேனுங்க. பாதி மார்க். "ஏறுவதே உடுப்பு மாட்டுற மாதிரி"ங்கறதுக்கு மார்க் கிடையாது, அது நீங்க ஏத்துனது.

---

யாழ்_பனை (ஒக்லாந்து) எழுதியது:

அண்ணையவை, சண்டை நல்லாத்தான் இருக்கு. இப்ப போறவைக்கு வழி சொல்லுங்கோவன். என்ரை தங்கச்சி குடும்பம் கனடாவிலை இருந்து செப்டெம்பர் கடைசியிலை வருகினம். ரெண்டும் பாக்க வேணுமாம். அவளுக்குக் கார், மச்சானுக்கு உடுப்பு. (டீசல் தம்பி கவனிக்க.)

---

வெலிங்டன்_வேலு எழுதியது:

செப்டெம்பர் கடைசி என்றால் நல்ல நேரம். உடுத்தும் கலை நிகழ்ச்சி வெலிங்டனில் வழக்கமாக அந்தப் பருவத்தில்தான். துறைமுகத்தை ஒட்டிய டிஎஸ்பி (TSB) அரங்கில் நடக்கும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்லுங்கள், வார இறுதிக் காட்சிகள் சீக்கிரம் போய்விடும்.

அன்று பகலில் தங்கச்சியை பரபரவுமுவுக்கு அனுப்புங்கள். அங்கே சவுத்வார்ட் கார் மியூசியம். சர் லென் சவுத்வார்ட் சேர்த்தது, 1979ல் திறந்தது, 400க்கு மேல் வண்டிகள். 1895 பென்ஸிலிருந்து தொடங்கும். மார்லீன் டீட்ரிச் வைத்திருந்த கடிலாக்கும் அங்கேதான் இருக்கிறது. வெலிங்டனிலிருந்து ஒரு மணி நேரம் வடக்கே. கப்பிட்டி லைன் ரயிலில் பரபரவுமுவில் இறங்கி டாக்சி எடுக்கலாம், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம் இல்லை. நெல்சனுக்கும் போகிறார்கள் என்றால் தென் தீவுக்குப் படகு பிடித்து, பிக்டனில் இறங்கி ரோட்டில் போகலாம், இல்லையேல் விமானம். கார் கூடம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

---

தையல்_நாயகி எழுதியது:

யாழ்_பனை, மச்சானிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். முன்பக்கம் மட்டும் கவனிக்காமல், போட்டவர் திரும்பும்போது முதுகுப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். சட்டகத்தை எப்படி மறைத்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். படம் எடுக்க விட்டால் முதுகைத்தான் எனக்கு அனுப்ப வேண்டும்.

---

யாழ்_பனை (ஒக்லாந்து) எழுதியது:

சொல்லுறன் அக்கா. அம்மாவும் கூட வாறன் எண்டு நிக்கிறா. அந்த பிரா விசயம் இந்த முறையும் இருக்கோ எண்டு கேக்கச் சொன்னவ. போறதுக்கோ, போகாமல் விடுறதுக்கோ எண்டு சொல்லேல்லை.